மூட்டுக்கும் மூளைக்கும் நடுவே ஒரு நரம்பு: முடக்குவாதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவுக்கு முடக்குவாதம் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. மூட்டு மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர்களோடு பேசிப் பேசி, ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தேன். நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவள், மருத்துவர் அல்ல. ஆனால் "நரம்புக்கும் இந்த நோய்க்கும் என்ன சம்பந்தம்?" என்ற கேள்வியை விட மனசு வராமல் பல வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 2025-ல் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்று ஒரு நரம்புக் கருவிக்கு ஒப்புதல் கிடைத்ததிலிருந்து சொந்தக்காரர்களும் தோழிகளும் கேட்பது கூடிவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முடக்குவாதம் என்பது பக்கவாதமா? இல்லை, வயசானால் வரும் மூட்டுத் தேய்மானமா?

இரண்டும் இல்லை. பக்கவாதம் மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டோ, மூளைக்குள் ரத்தம் கசிந்தோ வருவது. தேய்மானம் மூட்டின் குருத்தெலும்பு தேய்வது. முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், நம் உடம்பின் நோய் எதிர்ப்பு செல்களே மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதால் வருகிறது. பழைய வைத்தியர்கள் சிலர் இதைச் சரவாங்கி என்பார்கள். நூறு பேரில் ஒருவருக்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ இருக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். முப்பது, நாற்பது வயதிலும் வரும். "இந்த வயசுலயே மூட்டு வலியா?" என்று கேட்கிறவர்களுக்கு இது தெரியாது.

நோய் எதிர்ப்பு செல்கள் ரத்தத்தில் மிதப்பவை. அவற்றோடு நரம்பு எப்படிப் பேசும்?

நான் கல்லூரியில் படித்தபோது நரம்பு மண்டலம் ஒரு பாடம், நோய் எதிர்ப்பு மண்டலம் வேறொரு பாடம். இரண்டும் ஒன்றையொன்று தொடும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதற்கான தடயங்கள் அதற்கும் முன்பே கிடைத்திருந்தன.

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஏடர் என்ற உளவியலாளர் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீர் கொடுத்து, கூடவே சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தை ஊசியாகப் போட்டார். அது வயிற்றைப் புரட்டும், நோய் எதிர்ப்பையும் அடக்கும். பிறகு ஊசியே போடாமல் இனிப்புத் தண்ணீர் மட்டும் கொடுத்தபோதும் சில எலிகள் செத்தன. ஏன் என்று புரியாமல் நிகோலஸ் கோஹன் என்ற நோய் எதிர்ப்பியல் அறிஞரோடு சேர்ந்து ஆராய்ந்தார். மருந்தோடு சேர்த்துப் பழக்கப்பட்ட அந்தச் சுவை மட்டுமே எலியின் எதிர்ப்பொருள் உற்பத்தியைக் குறைத்துவிடுகிறது என்று 1975-ல் இருவரும் எழுதினார்கள். நாக்கில் பட்ட சுவை மூளை வழியாகத்தானே எதிர்ப்பு செல்லுக்குப் போயிருக்க வேண்டும்?

எந்த வழியாகப் போனது என்பதற்கான தடயம் 1981-ல் டேவிட் ஃபெல்டன் கண்ணில் பட்டது. இண்டியானா பல்கலைக்கழகத்தில் நுண்ணோக்கியில் திசுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மண்ணீரலில் எதிர்ப்பு செல்கள் கூட்டமாக இருக்கும் இடத்துக்குள்ளேயே நரம்பிழைகள் நுழைந்து கிடப்பதைக் கண்டார். செல்கள் மிதப்பவைதான். ஆனால் அவை மண்ணீரலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் வந்து தங்கிப் போகின்றன. நரம்பு அங்கேதான் அவற்றைச் சந்திக்கிறது.

எல்லோரும் சொல்லும் அந்த வேகஸ் நரம்பு எங்கே இருக்கிறது?

மூளையின் தண்டுப் பகுதியில் கிளம்பி, கழுத்தின் இரு பக்கமும் ரத்தக் குழாயை ஒட்டி இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று போய்க்கொண்டே இருக்கும். லத்தீனில் வேகஸ் என்றால் அலைந்து திரிவது. பொருத்தமான பெயர். இதன் இழைகளில் பெரும்பாலானவை மேலே சேதி கொண்டுபோகிறவை, அதாவது உறுப்புகள் மூளைக்குச் சொல்லும் சேதி. மூளையிலிருந்து கீழே வருபவை குறைவு.

இந்த நரம்பு விடும் ரசாயனத்தைக் கண்டறிந்த கதையை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்வேன். 1921-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஆட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை எடுத்துக்கொண்டார். முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். துடிப்பு மெதுவானது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தின் மேல் விட்டார். நரம்பைத் தொடாமலேயே அதுவும் மெதுவானது. அந்தப் பொருள்தான் அசிட்டைல்கோலின். 1936-ல் ஹென்றி டேலோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு. முடக்குவாதத்தின் கதையிலும் இதே அசிட்டைல்கோலின் திரும்ப வருகிறது.

இந்த நரம்புக்கும் வீக்கத்துக்கும் தொடர்பு இருப்பதை யார் கண்டுபிடித்தார்கள்?

நியூயார்க்கை ஒட்டிய மன்ஹாசெட்டில் கெவின் டிரேசி என்ற நரம்பியல் அறுவை மருத்துவரின் குழு. அவர் 1980-களிலேயே டி.என்.எஃப் என்ற புரதத்தை ஆராய்ந்தவர். எதிர்ப்பு செல்கள் "இங்கே எதிரி, வீங்கட்டும்" என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் சேதிப் புரதங்களில் அது ஒன்று. சைட்டோகைன் என்பது அந்தக் குடும்பத்தின் பெயர். முடக்குவாதத்தில் மூட்டுக்குள் டி.என்.எஃப் அளவு மீறிக் கிடக்கும். லண்டனில் ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் 1992-ல் டி.என்.எஃபைத் தடுக்கும் மருந்தை முடக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துதான் இன்றைய உயிரியல் ஊசிகளுக்கு வழி திறந்தார்கள். மைனி நம் பஞ்சாப் லூதியானாவில் பிறந்தவர்.

சரி, டிரேசிக்கு வருவோம். 1990-களின் பிற்பகுதியில் அவர் குழு டி.என்.எஃபைக் குறைக்கும் ஒரு மருந்தை எலியின் மூளைக்குள் மிகச் சிறிய அளவில் செலுத்திப் பார்த்தது. மூளையில் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். உடம்பு முழுக்கக் குறைந்தது. அவ்வளவு கொஞ்சம் மருந்து ரத்தத்தில் கலந்து அதைச் செய்திருக்க முடியாது. எலியின் வேகஸ் நரம்பை வெட்டிவிட்டுத் திரும்பச் செய்தபோது பலன் காணாமல் போனது. அப்படியானால் மருந்தே வேண்டாம், நரம்பையே தூண்டினால்? தூண்டினார்கள். நஞ்சு ஏற்றப்பட்ட எலிகளில் டி.என்.எஃப் குறைந்தது, அதிர்ச்சி நிலைக்குப் போவதும் தடுக்கப்பட்டது. இது நேச்சர் இதழில் 2000-ல் வந்தது. 2002-ல் டிரேசி இதற்கு வீக்க அனிச்சைச் செயல் என்று பொருள்படும் பெயர் வைத்தார். சூடான தோசைக்கல்லில் கை பட்டதும் யோசிக்காமல் இழுத்துக்கொள்கிறோமே, அதுபோல வீக்கத்துக்கும் ஒரு அனிச்சைச் செயல் உண்டு என்பதுதான் அதன் அர்த்தம்.

அந்தச் சேதி எந்த வழியாகப் போகிறது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

உடம்பில் எங்காவது வீக்கம் கிளம்பினால், அங்கே சுரக்கும் சைட்டோகைன்களை வேகஸின் மேல்நோக்கிப் போகும் இழைகள் உணர்கின்றன. சேதி மூளைத்தண்டுக்குப் போகிறது. 2024-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் சுக்கரின் குழு மூளைத்தண்டில் இதைக் கேட்டுக்கொள்ளும் நரம்பு செல்களையே சுண்டெலிகளில் அடையாளம் கண்டது. அந்தச் செல்களை அணைத்தால் வீக்கம் கட்டுக்கடங்காமல் போனது. முடுக்கினால் தணிந்தது.

இறங்கி வரும் வழி கொஞ்சம் சுற்று. வேகஸ் நேராக மண்ணீரலுக்குப் போவதில்லை. வயிற்றில் உள்ள ஒரு நரம்பு முடிச்சில் அது சேதியைக் கைமாற்றிவிடுகிறது. அங்கிருந்து மண்ணீரல் நரம்பு எடுத்துக்கொண்டு போய், மண்ணீரலில் நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தை விடுகிறது. அதை வாங்கிக்கொள்வது டி செல் என்ற எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு தனி வகை. 2011-ல் சயின்ஸ் இதழில் இந்தச் செய்தி வந்தபோது நான் இரண்டு முறை திரும்பப் படித்தேன். அந்த டி செல், நரம்பு செல் செய்யும் வேலையைச் செய்கிறது: தானே அசிட்டைல்கோலினைத் தயாரித்து வெளியே விடுகிறது! ரத்தத்தில் ஓடும் ஒரு வெள்ளணு நரம்பின் கடைசிக் கண்ணியாக நிற்கிறது.

அசிட்டைல்கோலின் பக்கத்தில் இருக்கும் மேக்ரோபேஜ் என்ற, கிருமிகளை விழுங்கும் எதிர்ப்பு செல்லின் மேல் போய் உட்காருகிறது. உட்காரும் இடத்துக்கு ஆல்பா-7 ஏற்பி என்று பெயர், 2003-ல் கண்டுபிடித்தார்கள். உட்கார்ந்ததும் அந்தச் செல் டி.என்.எஃப் தயாரிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. மண்ணீரலை எடுத்துவிட்ட விலங்குகளில் வேகஸைத் தூண்டினாலும் இந்தப் பலன் வருவதில்லை.

மண்ணீரலில் நடப்பது விரல் மூட்டை எப்படி எட்டும் என்று கேட்கலாம். ரத்தம் மண்ணீரல் வழியாக ஓடிக்கொண்டே இருக்கிறது. அங்கே அடங்கிப் போன செல்கள் ரத்தத்தோடு கிளம்பி மூட்டுக்கும் போகின்றன.

விஞ்ஞானிகள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்கிறார்களா?

இல்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ராபின் மெக்காலனும் டாவிடே மார்ட்டெல்லியும், உடம்பு தானாகவே வீக்கத்தை அடக்கும்போது இறங்கி வரும் சேதி வேகஸில் வருவதில்லை, வயிற்றுப் பகுதியின் சிம்பதடிக் நரம்புகள் (ஆபத்தில் உடம்பை முடுக்கிவிடும் தனி நரம்புத் தொகுதி) வழியாகத்தான் வருகிறது என்று எலிச் சோதனைகளில் காட்டினார்கள். வேகஸுக்கும் மண்ணீரல் நரம்புக்கும் நடுவே உண்மையில் இணைப்பு உண்டா என்பதிலும் சர்ச்சை இருக்கிறது. வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து வேகஸைத் தூண்டினால் வீக்கம் குறையும் என்பது ஒன்று, உடம்பு இயல்பாக அந்த வழியைத்தான் பயன்படுத்துகிறது என்பது வேறு. முதலாவதற்கு வலுவான சான்று இருக்கிறது. இரண்டாவது இன்னும் தீரவில்லை. எனக்கு மெல்போர்ன்காரர்களின் வாதமும் கனமாகவே படுகிறது.

முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இந்த நரம்பு பழுதாகியிருக்கிறதா?

அறுந்துபோகவில்லை, ஆனால் வேலை குறைவாக இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது மெதுவாகும். இந்த ஏற்ற இறக்கம் வேகஸின் கைவேலை. முடக்குவாத நோயாளிகளில் அது சராசரியாகக் குறைந்தே காணப்படுகிறது. நெதர்லாந்தில் செய்த ஓர் ஆய்வில், ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தும் மூட்டு இன்னும் வீங்காதவர்களிடமும் இந்தக் குறைவு தெரிந்தது. அதாவது நோய் வந்த பிறகு வலியால் மட்டும் வந்த குறை இல்லை அது.

ஏன் இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீங்குகிறது?

மூட்டிலேயே ஓடும் நரம்புகளுக்கும் இதில் பங்கு இருக்கலாம். 1962-ல் தாம்சன், பைவாட்டர்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள், பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர்களுக்குப் பின்னாளில் முடக்குவாதம் வந்தபோது, செயலிழந்த பக்கத்து மூட்டுகள் தப்பித்துக்கொண்டதை எழுதிவைத்தார்கள். போலியோ தாக்கிய காலிலும் அப்படியே பார்த்திருக்கிறார்கள். ரத்தம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். வேறுபட்டது நரம்பும் அசைவும்.

வலியை உணரும் நரம்பு முனைகள் வலியை மேலே அனுப்புவதோடு நிற்பதில்லை. சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருளை மூட்டுக்குள்ளேயே விடுகின்றன. அது ரத்தக் குழாய்களைக் கசியவைத்து வீக்கத்தைக் கூட்டும். 1984-ல் அமெரிக்காவில் ஜான் லெவின் இதை எலி மூட்டில் செலுத்தி, மூட்டுவாதம் கடுமையாவதைக் காட்டினார். ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்கில் ரைனர் ஸ்ட்ராப் குழு நோயாளிகளின் மூட்டுச் சவ்வைப் பார்த்தபோது, வீக்கத்தைத் தணிக்க உதவக்கூடிய சிம்பதடிக் இழைகள் குறைந்தும், சப்ஸ்டன்ஸ் பி விடும் இழைகள் நிறைந்தும் இருந்தன. தணிக்கும் கை குறைந்து கிளறும் கை கூடிவிட்டது.

காலையில் மட்டும் ஏன் விரல் மடங்கவே மாட்டேன் என்கிறது?

அம்மா காலையில் பால் பாக்கெட்டைக் கத்தரிக்கோல் பிடித்து வெட்ட முடியாமல் பல்லால் கடிப்பார். பத்து மணிக்கு மேல் அதே கை கீரை ஆயும். பல பேர் இதை நடிப்பு என்று நினைத்திருக்கிறார்கள்.

மூளை இன்னொரு வழியிலும் எதிர்ப்பு செல்களை அடக்குகிறது: ஹைப்போதலாமஸ் சொல்ல, பிட்யூட்டரி கேட்டு, அட்ரினல் சுரப்பி கார்டிசோலைச் சுரக்கும். 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், இதன் உறவுக்காரப் பொருளான கார்டிசோனை ஒரு முடக்குவாதப் பெண்மணிக்குக் கொடுத்து, படுக்கையில் இருந்தவரைச் சில நாளில் நடக்கவைத்தார். 1950-ல் அவருக்கும் நோபல் கிடைத்தது. இந்தக் கார்டிசோல் நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவாக இருக்கும். பின்னிரவில் இன்டர்லூகின்-6 போன்ற சைட்டோகைன்கள் ஏறுகின்றன. முடக்குவாதத்தில் அந்த ஏற்றம் மிக அதிகம், அதற்கு ஈடுகொடுக்கும் அளவுக்குக் கார்டிசோல் ஏறுவதில்லை. விளைவு விடிந்ததும் விரலில் தெரிகிறது. இதைக் கணக்குப் போட்டே, இரவு பத்து மணிக்கு விழுங்கினால் இரண்டு மணி வாக்கில் வயிற்றில் கரையும், கார்டிசோலைப் போல வேலை செய்யும் ஸ்டீராய்டு மாத்திரை ஒன்றை ஐரோப்பாவில் செய்து சோதித்தார்கள். காலை விறைப்பு நேரம் குறைந்தது. அதனால் யாராவது காலை விறைப்பைச் சோம்பல் என்றால், அது கடிகாரம் பார்த்து வரும் ஒரு நோய்க்குறி என்று தயங்காமல் சொல்லுங்கள்.

அப்படியென்றால் எல்லாம் மனசுதான் காரணமா? "டென்ஷனை விடுங்க, சரியாகிடும்" என்கிறார்களே?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதினேன் என்று சொல்லலாம். நோய் வந்த புதிதில் ஒரு மருத்துவர் அம்மாவிடம், "நீங்க ரொம்ப யோசிக்கிறீங்கம்மா, மனசை லேசா வச்சுக்கிட்டாலே பாதி குணமாகிடும்" என்றார். அம்மா அன்றிலிருந்து வலித்தால் யாரிடமும் சொல்வதை நிறுத்திவிட்டார். வலி தன் தப்பு என்று நினைத்துக்கொண்டார். சரியான மருந்து தொடங்க எட்டு மாதம் தாமதமானது. அந்த எட்டு மாதத்தில் இரண்டு விரல் மூட்டுகள் அரித்துப் போய்விட்டன.

நரம்பு எதிர்ப்பு செல்லோடு பேசுகிறது என்பதற்கு, நாம் நினைத்தால் நோயை நிறுத்தலாம் என்று அர்த்தம் இல்லை. இரைப்பையும் நரம்பின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது, அதற்காக வயிற்றுப்புண்ணை மனசால் ஆற்றிவிட முடியாது. நெடுநாள் மன அழுத்தம் நோயைத் தூண்டலாம், கூட்டலாம். அது பல காரணங்களில் ஒன்று. பரம்பரை, புகைபிடித்தல், ஹார்மோன் எல்லாம் கூடவே இருக்கின்றன.

எதிர்த்திசையையும் பாருங்கள். மூட்டில் கிளம்பும் சைட்டோகைன்கள் மூளையை எட்டி அசதியையும் மனச்சோர்வையும் உண்டாக்குகின்றன. ஜெர்மனியின் எர்லாங்கனில் 2011-ல் வந்த ஒரு சிறு ஆய்வு இதை அழகாகக் காட்டியது. டி.என்.எஃப் தடுப்பு மருந்து கொடுத்த 24 மணி நேரத்துக்குள், மூட்டு வீக்கம் குறையும் முன்பே, நோயாளிகளின் மூளையில் வலி சார்ந்த செயல்பாடு குறைந்துவிட்டது. சோர்ந்திருப்பதால் நோய் வந்தது என்று ஒருவரைக் குற்றம் சொல்லுமுன், நோயால் அவர் சோர்ந்திருக்கிறார் என்று ஒருமுறை யோசிக்க வேண்டாமா?

மனிதர்களில் இந்த நரம்பைத் தூண்டிப் பார்த்தது எப்போது?

2011-ல் தொடங்கியது. நெதர்லாந்து, போஸ்னியா, குரோஷியா ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில். ஆம்ஸ்டர்டாமின் பால்-பீட்டர் டாக் முன்னின்றார். வலிப்பு நோய்க்காக 1997-லேயே அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற வேகஸ் தூண்டிக் கருவியையே 17 முடக்குவாத நோயாளிகளுக்குப் பொருத்தினார்கள். சிலருக்கு இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து போதவில்லை, சிலருக்குப் பல உயிரியல் மருந்துகளும் தோற்றிருந்தன. வலிப்புக்கு நாள் முழுக்க விட்டுவிட்டுத் தூண்டுவார்கள். இங்கே ஒரு தடவைக்கு ஒரு நிமிடம், ஒரு நாளைக்கு ஒன்று முதல் நான்கு தடவை.

நடுவில் இரண்டு வாரம் கருவியை அணைத்தார்கள். டி.என்.எஃப் ஏறியது, நோயும் கூடியது. திரும்பப் போட்டதும் இரண்டும் இறங்கின. 2016-ல் வெளியான இந்த முடிவில் என்னை நம்பவைத்தது அந்த அணைத்துப் போட்ட பகுதிதான். ஆனாலும் 17 பேர்தான், ஒப்பிட்டுப் பார்க்கப் போலிச் சிகிச்சைக் குழுவும் கிடையாது.

2025-ல் ஒப்புதல் பெற்ற கருவி என்ன? எவ்வளவு பலன்?

செட்பாயின்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கருவி. பழையதில் மார்பில் ஒரு பெட்டி, அங்கிருந்து கழுத்துக்கு ஒரு கம்பி. இதில் அவை இல்லை. ஓர் அங்குல அளவில் சிறியது, கழுத்தின் இடப்பக்கம் வேகஸ் நரம்பின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாளைக்கு ஒரு நிமிடம் தூண்டும். வெளியிலிருந்தே சார்ஜ் ஏற்றலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 ஜூலையில் ஒப்புதல் கொடுத்தது. உயிரியல் மருந்துகளோ ஜாக் தடுப்பு போன்ற புது வகை மாத்திரைகளோ போதுமான பலன் தராத, அல்லது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத பெரியவர்களுக்கு மட்டும்.

ஒப்புதலுக்கு அடிப்படையான சோதனையில் 242 பேர். எல்லோருக்கும் கருவி பொருத்தி, பாதிப் பேருக்கு மட்டும் மூன்று மாதம் உண்மையாகவே தூண்டினார்கள். மற்றவர்களுக்குக் கருவி உள்ளே இருந்தும் தூண்டவில்லை. வலிக்கும் மூட்டு, வீங்கிய மூட்டு முதலிய அளவுகளில் குறைந்தது 20 சதவீத முன்னேற்றம் கண்டவர்கள் தூண்டிய குழுவில் 35.2 சதவீதம், தூண்டாத குழுவில் 24.2 சதவீதம்.

இந்த எண்களைக் கவனமாகப் படியுங்கள். வித்தியாசம் உண்மையானது, ஆனால் பெரிதல்ல. நூறு பேருக்குப் பொருத்தினால், மூன்று மாதத்தில் கருவியால் கூடுதலாகப் பலன் கண்டவர்கள் ஏறக்குறைய பதினொரு பேர். அந்த முன்னேற்றமும் குறைந்தபட்ச அளவுகோலில். மருந்துகள் ஏற்கனவே தோற்றுப்போனவர்கள் என்பதால் அந்தப் பதினொரு பேருக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் "முடக்குவாதத்துக்கு மருந்தே தேவையில்லை, கரண்ட் வைத்தால் போதும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோவுக்கும் இந்த எண்களுக்கும் சம்பந்தமே இல்லை.

அறுவை சிகிச்சை ஆபத்தானதா?

கழுத்தைத் திறக்கும் எந்த அறுவைக்கும் ஆபத்து உண்டு. குரல் நாணுக்குப் போகும் கிளை வேகஸிலிருந்தே பிரிவதால் குரல் கரகரப்பு, இருமல் வரலாம். அந்தச் சோதனையில் கருவியோடோ அறுவையோடோ தொடர்புள்ள கடுமையான பக்க விளைவு 1.7 சதவீதம் பேருக்கு வந்தது.

காதில் மாட்டும் கிளிப் ஒன்று ஆன்லைனில் விற்கிறார்களே, அதுவும் வேகஸ்தானே?

காதின் உள்மடலுக்கு வேகஸின் ஒரு சின்னக் கிளை வருவது உண்மை. அதன் வழியாகத் தூண்டி, நூற்றுக்கும் மேற்பட்ட முடக்குவாத நோயாளிகளில் போலிக் கருவியோடு ஒப்பிட்டுச் சோதித்த ஆய்வு 2023-ல் வெளியானது. இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. வாங்காதீர்கள். அந்தப் பணம் இரண்டு மூன்று தடவை ரத்தப் பரிசோதனை செய்யக் காணும்.

மூச்சுப் பயிற்சியும் யோகாவும் வேகஸைத் தூண்டுமா?

மெதுவாக, நீளமாக மூச்சை விடும்போது வேகஸின் இதயக் கிளை சுறுசுறுப்பாகிறது. நாடித் துடிப்பிலேயே அதைப் பார்க்கலாம். ஆனால் இதயத்துக்குப் போகும் இழையும் வயிற்றுப் பக்கம் இறங்கும் இழையும் ஒன்றல்ல. துடிப்பு மெதுவானதால் மண்ணீரலில் டி.என்.எஃப் குறைந்தது என்று சொல்லிவிட முடியாது.

யோகாவுக்குச் சொல்லக்கூடிய ஆய்வு ஒன்று டெல்லி எய்ம்ஸில் ரீமா தாதா குழு செய்தது. 72 முடக்குவாத நோயாளிகளில் ஒரு பாதியினர் வழக்கமான மருந்தோடு எட்டு வாரம் யோகா செய்தார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்கு நோயின் தீவிரமும் மனச்சோர்வும் குறைந்தன. மருந்தோடு சேர்த்து என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் அந்த மூட்டை வளைக்கும் ஆசனம் வேண்டாம். அம்மா அந்த நாட்களில் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி மட்டும் செய்வார். வலி போகிறதோ இல்லையோ, தூக்கம் வருகிறது என்கிறார். அதுவும் சின்னப் பலன் இல்லை.

ஆல்பா-7 ஏற்பியில் நிகோட்டினும் உட்காருமாமே? அப்போ பீடி, சிகரெட் நல்லதா?

படித்த ஒரு தாத்தா காத்திருப்பு அறையில் என்னிடம் நிஜமாகவே கேட்டது. அந்த ஏற்பியில் நிகோட்டின் உட்காரும் என்பது சரி. ஆனால் புகை நுரையீரலில் நம் புரதங்களின் வடிவத்தை மாற்றுகிறது. மாறிய புரதங்களை அந்நியம் என்று நினைத்து உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்கத் தொடங்குகிறது. ஆன்டி-சிசிபி என்று பரிசோதனையில் பார்க்கிறார்களே, அதுதான். முடக்குவாதத்துக்கு நம்மால் தவிர்க்கக்கூடிய காரணங்களில் முதலிடம் புகைக்கு. வந்த பிறகு புகைத்தால் மருந்தும் சரியாக வேலை செய்யாது. தாத்தாவிடம் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

நரம்பு வழிச் சிகிச்சை வந்துவிட்டது, மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. மேலே சொன்ன 2025 சோதனையிலும் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற வழக்கமான மருந்து தொடர்ந்துகொண்டுதான் இருந்தது. இன்னொன்று: மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடும் மாத்திரை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. சீட்டில் எந்தக் கிழமை என்று எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு அந்தக் கருவியை வைப்பீர்களா?

இன்றைக்கு வைக்க மாட்டேன். அம்மாவுக்கு மெத்தோட்ரெக்ஸேட்டும் அதோடு சேர்த்த இன்னொரு மாத்திரையும் இப்போது வேலை செய்கின்றன. அவரைப் போன்றவர்களுக்காக அந்தக் கருவி ஒப்புதல் பெறவில்லை. எல்லா மருந்தும் தோற்றுவிட்ட நிலை என்றால், கருவி பொருத்தியவர்கள் ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று முதலில் கேட்பேன்.

அம்மாவிடம் இந்த வழியைப் படம் போட்டு விளக்கினேன்: மூளை, கழுத்து, வயிறு, மண்ணீரல், விரல். ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நான் யோசிச்சு யோசிச்சு இழுத்துக்கிட்டது இல்லதானே இது?" என்றார். இல்லைம்மா என்றேன். அந்தத் தாள் இப்போது அவருடைய மாத்திரை டப்பாவுக்குள் இருக்கிறது.